ஒரே மகனுக்கு ஹிபா



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் ஷாப்பில் உழைத்து வீடு கட்டிய பெரியவர்கள் சிலர், "பெரியவன் பார்த்துக்கொள்வான்" என்று நம்பி, அதை ஒரே மகனுக்கு ஹிபா எழுதிவிடுகிறார்கள்.

பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லையென்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள்.

ஹிபா கொடுத்து, மகன் கைவசமும் ஆகிவிட்டால் வீடு அவனுடையது. ஹனஃபி மத்ஹபில் பெற்ற பிள்ளையிடமிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. தகப்பனார் மவ்த்தான பின், தாய்க்குரிய எட்டில் ஒரு பங்கும் பெண்மக்களின் பங்கும் அவ்வீட்டில் இரா.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, மகன் தவறினால் தீர்ப்பாயம் ரத்துச் செய்யலாம். நிபந்தனையில்லாப் பத்திரத்துக்கு அந்த நிவாரணம் எளிதில் கிட்டாது.

ஆகவே ஹயாத்துள்ளவரை வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மருந்துச் செலவுக்கு மகன் கடனாகக் கொடுத்தால் சாட்சியோடு எழுதி வையுங்கள். பங்கு பிரிக்குமுன் கடன் அடைபடும், அவனுக்கும் அநீதி நேராது. மற்ற வாரிசுகள் சம்மதியாமல் வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது. பிறருக்கும் மூன்றில் ஒன்றுக்கு மேற்படக்கூடாது.

பத்திரம் எழுதுமுன் வக்கீலோடு ஓர் ஆலிமையும் கேளுங்கள். வேலூர் பாக்கியாத்தும் உமராபாத் தாருஸ்ஸலாமும் நம் பக்கத்திலேயே உள்ளன.

அல்லாஹ் நம் முதுமையைக் கண்ணியமாக்குவானாக! ஆமீன்.