விதியை அறிவிக்கும் கடமை

ஒரு சங்கம் தன் விதிகளைத் திருத்திக்கொள்ளலாமா என்று எவரும் கேட்பதில்லை. காலம் மாறுகிறது, விதியும் மாறவேண்டியதே. திருத்திய விதி அங்கத்தினரை எப்பொழுது கட்டுப்படுத்தத் தொடங்குகிறது என்பதே நாம் ஆராய வேண்டியது. நிர்வாக சபை அதை நிறைவேற்றிய அன்றா? அங்கத்தினர் செவியுற்ற அன்றா?

1951-ஆம் ஆண்டில் நமது சுப்ரீம் கோர்ட் இதற்கு விடையளித்தது. அதனை ஹர்லா வழக்கு என்பர். ஜெய்ப்பூர் மகாராஜா சிறுவராயிருந்த காலத்தில், ஆட்சியை நடத்திய மந்திரி சபை 1923 டிசம்பரில் அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அது கெஜட்டில் வெளியாகவில்லை. வேறெவ்வகையிலும் குடிமக்களுக்குத் தெரிவிக்கப்படவுமில்லை. பின்னர் 1938-இல், அச்சட்டம் 1924 செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே அமுலில் உள்ளதென்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினான்கு ஆண்டு பின்னிட்டு ஒரு தேதி! அச்சட்டத்தின்படி ஒருவருக்கு விதித்த அபராதம் ஐம்பது ரூபாயே. தொகை சிறிதென்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளவில்லை. அறிந்துகொள்ள வழியே இல்லாத சட்டத்தைக் கொண்டு ஒருவனைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரணானதென்று நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பெழுதினார்; தண்டனை நீங்கிற்று.

சட்டம் அறியேன் என்பது சாக்காகாது என்று சிலர் கூறுவர். மெய்தான். ஆயினும் அவ்வுரை, விரும்பினால் அறியலாம் என்ற நிலை உள்ளவிடத்தே பொருந்தும். அந்நிலையை உண்டாக்கும் பொறுப்பு விதி செய்தவர்களுடையது.

பிக்கு சங்கத்தின் விநயத்தில் இதனினும் நுண்ணிய முறையைக் காண்கிறோம். ஒரு செயலைக் காரணமாகக்கொண்டு புதுவிதி பிறந்தால், அதனை முதலிற் செய்த பிக்குவை ஆதிகம்மிகன் என்று கொண்டு, அவ்விதியின்படி குற்றமற்றவனாக விட்டுவிடுகிறது விநயம். செயல் இழிவெனக் கண்டிக்கப்படலாம், தண்டனை வேறு. விதிகளும் ஏட்டில் உறங்குவதில்லை. பதினைந்து நாளுக்கொருமுறை, உபோசத நாளில், பாதிமோக்கம் சங்கத்தின் நடுவே ஓதப்படுகிறது.

சங்கங்களைப் பதிவு செய்யும் 1860-ஆம் ஆண்டுச் சட்டமும், சங்கத்தின் நோக்கத்தை மாற்றுவதற்கு வரம்பிட்டுள்ளது. யோசனை எழுத்து மூலம் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் பத்து நாள் முன்னரே அனுப்பப்படவேண்டும். ஐந்தில் மூன்று பங்கினர் இசையவேண்டும். ஒரு மாதம் கழித்து மீண்டும் கூடி உறுதி செய்யவேண்டும். அம்மாதத்தை வீண் தாமதமென்று பொறுமையிழந்த காரியதரிசிகள் எண்ணக்கூடும். நமக்கோ அதுவே அப்பிரிவின் சிறந்த பகுதியாகத் தோன்றுகிறது.

சந்தா நின்றவருக்கு வாக்குரிமையில்லை என்று ஒரு சங்கம் புதிதாக விதி செய்து, அதனைப் பலகையில் ஒட்டிவிட்டது என்று கொள்வோம். எழுத்தறியாத முதியவரும், ஆலையில் இரவுமுறை பார்ப்பவரும் தேர்தலன்று வாசலில் நிறுத்தப்பட்டால், ஜெய்ப்பூரில் தண்டிக்கப்பட்டவரினின்று இவர்கள் எவ்வகையில் வேறாவர்? பழைய விதி எது, புதியது எது, மாற்றியது ஏன் என்பதை அவர்களுக்குத் தமிழில் வாயாற் படித்துச் சொல்லவேண்டும். நிலுவையைச் செலுத்தத் தவணையும் அளிக்கவேண்டும். அதுவரையில் அவர்களைப் பழைய விதிப்படியே வாக்களிக்க விடுவதே முறை.