பிடித்த படம் என்னும் சாட்சியம்

‘உங்களுக்கு மிகவும் பிடித்த படம் எது?’ என்ற கேள்வி நம்மிடையே குசலவிசாரிப்புப் போல ஆகிவிட்டது. பதிலைக் கொண்டு எதிராளியை எந்த வரிசையில் உட்கார வைக்கலாம் என்று பார்க்கவே பெரும்பாலும் கேட்கிறோம். பதில் சொல்பவனுக்கும் இது தெரியும். ஆகவே அவனும், தான் உட்கார விரும்பும் வரிசை எதுவோ அதற்குத் தோதான ஒரு படத்தைச் சொல்கிறான். இந்தப் பரிமாற்றத்தில் சினிமா எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. பிடித்த படத்தைப் பற்றி ஒருவன் பொய் சொல்ல முடியுமா, சொன்னால் அது யாருக்கு இழைக்கும் தீங்கு என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டாவது கேள்வி எனக்குப் புத்தகங்களிலிருந்து வந்ததில்லை.

பட்டியல்களிலிருந்து தொடங்குகிறேன். லண்டன் பத்திரிகையான ‘சைட் அண்ட் ஸவுண்ட்’ 1952 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை விமர்சகர்களைக் கேட்டு உலகின் சிறந்த படங்களை வரிசைப்படுத்தி வருகிறது. முதல் பட்டியலில் முதலிடம் டி ஸிகாவின் ‘பைசிகிள் தீவ்ஸ்’ படத்துக்கு. அப்போது அந்தப் படத்துக்கு வயது நான்கு. 1962-இல் அது கீழே இறங்கிற்று. 1972-இல் முதல் பத்திலேயே அது இல்லை. 1952-இன் முதல் பத்தில் இடம்பெறாத ‘சிட்டிஸன் கேன்’ 1962 முதல் 2002 வரை ஐந்து தடவை முதலிடத்தில் இருந்தது. 2012-இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ வந்தது. 2022-இல் ஷாந்தல் ஆகர்மனின் ‘ழான் டீல்மன்’. இந்த எழுபது வருஷங்களில், சைக்கிளைப் பறிகொடுத்த அந்த மனிதனும் அவன் மகனும் ரோம் நகரத் தெருக்களில் நடந்த நடையில் ஓரடி கூட மாறவில்லை. மாறியவர்கள் பார்த்தவர்கள்தான். மறுபடி பார்த்து மாறினார்களா, அல்லது மற்றவர்கள் மாறினார்கள் என்று தாங்களும் மாறினார்களா என்பதைத் தொகுத்துவைத்த வரிசை நமக்குச் சொல்வதில்லை. அதில் எண் இருக்கிறது, பார்த்த கண் இல்லை. 1950-இல் லண்டனில் இதே படத்தைப் பார்த்த சத்யஜித் ராய், தான் எடுக்கப்போகும் படத்தை எப்படி எடுக்க வேண்டும் என்று அதிலிருந்து தெளிவு பெற்றார். 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது. அந்தப் பார்வைக்கு எந்தப் பட்டியலில் என்ன எண் கொடுப்பது?

1982-ஆம் ஆண்டுப் பட்டியல் சென்னையில் ஒரு நூலக மேஜைக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் ஆறேழு பேர் ஒரு சிறுபத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். முந்நூறு பிரதி. பிலிம் சொஸைட்டிக் காட்சிகளுக்குத் தவறாமல் போவோம். 16 எம்.எம். புரொஜக்டரின் இரைச்சலுக்கு நடுவே, ரீல் மாற்றும் நேரத்தில் விளக்குப் போட்டு அணைத்து, படம் பார்ப்போம். முடிந்ததும் டீக்கடை. நாமும் ஆளுக்குப் பத்துப் படம் எழுதி அடுத்த இதழில் போடலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. அன்று பார்த்திருந்ததும் ‘பைசிகிள் தீவ்ஸ்’தான். எங்கள் பத்திரிகையை அச்சுக்கோக்கும் கம்போஸிட்டரும் அன்று எங்களுடன் இருந்தார். உறுப்பினர் ஒருவர் வராததால் அவருடைய அட்டையில் இவரை உள்ளே அழைத்துப் போயிருந்தோம்.

ஒவ்வொருவராகத் தலையாய படத்தைச் சொல்லி வந்தார்கள். என் முறை வந்தது. பெர்க்மனின் ‘பெர்ஸோனா’ என்றேன். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கவில்லை. இரண்டு கட்டுரைகள் படித்திருந்தேன். இரண்டு பெண் முகங்கள் ஒட்டி நிற்கும் ஒரு புகைப்படத்தை வெகுநேரம் பார்த்திருந்தேன். அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசினேன், நன்றாகவே பேசினேன். நண்பர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவரவர் சொன்ன படங்களைப் பற்றியும் கேள்வி வரும் என்பதால்கூட இருக்கலாம். கம்போஸிட்டர் மட்டும் கேட்டார்: “எங்க சார் பாத்தீங்க? இங்க எங்கயாவது போட்டாங்களா?”

அதில் கிண்டல் ஒன்றுமில்லை. மறுபடி போட்டால் தானும் பார்க்கலாமே என்ற ஆசைதான் இருந்தது. நான் பதில் சொல்லாமல், “அது கெடக்கட்டும், உங்களுக்கு எது பிடிக்கும், சொல்லுங்க” என்று திருப்பினேன். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்றார். காரணமும் சொல்லத் தொடங்கினார். “அந்தப் படம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியவே வராது சார். எங்கம்மா பெரியாஸ்பத்திரியில கெடந்தப்ப இருபது நாள் வராந்தாவுலயே இருந்தேன். வெளிய ரோடு இருக்கும், பஸ் போவும். ஆனா அது நம்மளுது இல்ல. அந்தப் படத்துல அது இருக்கு.”

நான் சிரித்தேன். முதலில் சிரித்தவன் நான்தான் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நண்பர்கள் தொடர்ந்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார், டீக் கிளாஸைக் கீழே வைத்தார். அதன்பிறகு எங்களோடு படம் பார்க்க வரவில்லை. இதழ் வேலை மட்டும் நடந்தது. எங்கள் பட்டியல்களை அவர்தான் கோத்தார். என் பெயருக்குக் கீழே முதல் வரியில் ‘பெர்ஸோனா’ என்று எழுத்தெழுத்தாகப் பொறுக்கி அடுக்கியதும் அவர் கைதான். சந்தேகம் உள்ள இடத்தில் ப்ரூஃபின் ஓரத்தில் பென்ஸிலால் ஒரு கேள்விக்குறி போடுவது அவர் வழக்கம். அந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

பொய்யினால் யாருக்கு நஷ்டம் என்று அப்போது கேட்டிருந்தால், ஒருவருக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பெர்க்மனுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் ரசனை பற்றிய பொய் தனியாக நிற்காது. மேலே ஏறி நிற்பதாகக் காட்ட வேண்டுமானால் கீழே ஒருவன் நிற்க வேண்டும். ‘எங்கே பார்த்தீர்கள்’ என்ற சாதாரணக் கேள்வி என் காலடியில் இருந்த பலகையை உருவப் பார்த்தது. சிரிப்பு அந்தப் பலகையைத் திரும்ப வைத்துக்கொள்ளும் வழி. ஆகவே சிரிப்பைப் பொய்யிலிருந்து பிரித்து இன்னொரு தவறாக என்னால் எண்ண முடியவில்லை. பொய்க்குத் தேவைப்பட்ட செலவு அது. செலவழிந்தது அவருடைய பணம்.

டேவிட் ஹ்யூம் 1757-இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், ‘டான் கிஹோத்தே’ நாவலில் ஸாஞ்சோ பான்ஸா சொல்லும் கதை ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஸாஞ்சோவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய்த் திராட்சை மதுவைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். நல்ல மது, ஆனால் லேசாகத் தோல் வாசனை என்கிறார் ஒருவர். நல்லதுதான், ஆனால் இரும்பு ருசி தட்டுகிறது என்கிறார் மற்றவர். இருவரையும் எல்லோரும் கேலி செய்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு பழைய சாவி, தோல்வாரில் கட்டியது, கிடக்கிறது. நுட்பமான நாக்கு எது என்று காட்ட ஹ்யூம் இதைச் சொல்கிறார். கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது சிரித்த கூட்டம். அவர்களும் அதே மதுவைக் குடித்திருக்கலாம். ஆனால் பீப்பாயின் பெயரைத்தான் ருசித்திருப்பார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. குடிக்காமலே சிரித்தேன்.

இந்த இடத்தில் நல்ல மனதுள்ள சிலர் ஒரு சமாதானம் சொல்வார்கள்: அவரவர் ருசி அவரவர்க்கு, யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எல்லாப் படமும் யாரோ ஒருவருக்குப் பெரிய படமே. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கானரித் தீவு மது எனக்கு இனிக்கிறது என்று சொல்வதற்கும், ஒன்று அழகானது என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு என்று கான்ட் 1790-இல் எழுதினார். முதலாவதை ‘எனக்கு’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவதைச் சொல்லும்போது, நிரூபிக்க வழியில்லாவிட்டாலும், நீயும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற உரிமைக்குரல் அதில் இருக்கிறது. கம்போஸிட்டர் தன் நாக்கின் விருப்பத்தைச் சொல்லவில்லை. ‘அந்தப் படத்துல அது இருக்கு’ என்றார். வந்து பாருங்கள் என்பது அதன் பொருள். ‘அவரவர் ருசி’ என்று சொல்லியிருந்தால் அவர் மனம் நோகாமல் இருந்திருக்கும். ஆனால் அவர் காட்டிய இடத்தை நாங்கள் அப்போதும் பார்த்திருக்க மாட்டோம். சிரிப்பும் இந்தப் பெருந்தன்மையும் அடுத்தடுத்த வீடுகள். அடுத்தவன் கண்டதால் நான் கொஞ்சமும் மாறவேண்டியதில்லை என்ற நிம்மதியை இரண்டும் தருகின்றன.

‘பெர்ஸோனா’வை இருபது வருஷங்களுக்குப் பிறகு குறுந்தகட்டில் பார்த்தேன். பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு நடிகை. அவளைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ், அந்த மௌனத்தை நம்பித் தன் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறாள். பிறகு, நடிகை எழுதி ஒட்டாமல் கொடுத்த கடிதத்தைப் படித்துவிடுகிறாள். தான் சொன்னது அங்கே சுவாரஸ்யமான வேடிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கடிதத்தோடு அவள் நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். நான் படித்த கட்டுரைகளில் முகமூடி, சுயம் பற்றியெல்லாம் இருந்தது, நானும் அதையே பேசியிருந்தேன். நம்பிச் சொன்னவளை வேடிக்கையாக்குவது பற்றிய படம் இது என்பது, பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அன்று சிரித்திருக்க மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது. கலை நம்மை நல்லவர்களாக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

பிறகு ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தையும் பார்த்தேன். 1962-இல் வந்தது. தான் இறந்தால் டாக்டரை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்லும் நோயாளிக் கணவன். அவளை முன்பு காதலித்த அந்த டாக்டர், அவள் கணவனைக் காப்பாற்றிவிட்டுத் தான் இறந்துபோகிறான். தியாகத்தின் மேல் தியாகமாக அடுக்கும் இந்தக் கட்டுமானம் இன்றும் எனக்கு உறுத்துகிறது. இதையும் ‘பெர்ஸோனா’வையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னது அந்தப் படத்தில் இருந்தது. அநேகமாகப் படம் முழுவதும் ஒரே ஆஸ்பத்திரி. அறைகளும் நடைபாதையும் கட்டிலும். வெளியுலகம் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பவர்களுடையதாக இல்லை. தியாகங்களைவிட அந்த அடைப்புத்தான் படத்தை நிறுத்தி வைக்கிறது என்பது என் கணிப்பு. இந்தக் கணிப்பு எனக்கு வந்த வழி, டீக்கடையில் பாதியில் நின்றுபோன ஒரு வாக்கியம். அன்று எங்கள் ஆறேழு பேரில் விமர்சனம் செய்தவர் ஒருவர்தான்.

உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்ற வாதம் வேண்டும். அது இல்லாவிட்டால் நாம் சேர்ந்து உட்கார்வதில் அர்த்தமில்லை. ஆனால் அதற்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இங்கே நின்றேன், இதைக் கண்டேன் என்று. கோர்ட்டில் சாட்சியின் படிப்பையோ அந்தஸ்தையோ விசாரிப்பதற்கு முன், அவன் சம்பவ இடத்தில் இருந்தானா என்று கேட்கிறார்கள். பிடித்த படங்களை ஒப்பிட்டுப் பேசுவதிலும் அந்த முறை நல்லது. ‘எங்க பாத்தீங்க’ என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்டவர் ஒருவரே.

பார்க்கவில்லை என்பது அதற்குப் பதில். நாற்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். அந்த இதழின் பிரதி வைத்திருப்பவர்கள் என் பெயருக்குக் கீழே உள்ள முதல் வரியை அடித்துவிடலாம். மற்ற ஒன்பதும் நான் பார்த்தவை.