கைப்பிடி கனக்கட்டும்

வெள்ளவத்தைத் தம்பி, கொட்டாஞ்சேனைத் தங்கச்சி! உன் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி தூசி பிடித்துக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து மாமி கொண்டுவந்த லெகோ கட்டைகள். "இது சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று மூடிவைத்துவிட்டு ரியூசனுக்கு ஓடுகிறாய். இழுத்து எடு அதை வெளியே!

40 பல்லுச் சக்கரத்தை 8 பல்லுச் சக்கரத்தோடு பொருத்து. பெரியது ஒருமுறை சுற்ற, சின்னது ஐந்து முறை சுற்றும். சின்னதின் அச்சிலேயே இன்னொரு பெரிய சக்கரம், அதனோடு இன்னொரு சின்னது. முதல் சக்கரத்தின் அச்சில் ஒரு கைப்பிடி பூட்டு. இப்போது உன் கை ஒரு சுற்று, கடைசி அச்சு 25 சுற்று! பழுதான பிரின்டரில் கழற்றிய மோட்டரை அந்த அச்சோடு சேலைன் குழாய்த் துண்டொன்றால் இணை. கரண்ட் கொடுத்தால் சுற்றுகிற மோட்டர், சுற்றிவிட்டால் கரண்ட் தரும். 1831இல் பாரடே கண்டுபிடித்த அதே விதிதான். அவர் கொல்லன் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர்.

வயர் இரண்டிலும் டோர்ச்சின் பழைய குமிழ் பல்பைப் பூட்டிச் சுற்று. அதுவரை லேசாக ஓடிய கைப்பிடி சட்டென்று கனக்கும். பழுதென்று நினைத்துக் கையை எடுத்துவிடாதே! உன் தோளின் பலம்தான் அங்கே வெளிச்சமாக மாறிக்கொண்டிருக்கிறது. பாரம் கூடுகிற அந்தக் கணத்தில்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். நீ சுற்று!

என்னால் முடியுமா என்றா கேட்கிறாய்? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உன் அம்மம்மாவைக் கேள். 1990க்குப் பிறகு போரினால் அங்கே வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. பற்றரிகூடத் தடைசெய்த பொருள். சனம் என்ன செய்தது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோச் செய்தி கேட்டது. கை தளர்ந்தால் செய்திக் குரலும் தேயும். "சுத்தடா, சுத்தடா!" என்று வீடே கத்தும். சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஊர் அது. எவருடைய பட்டத்துக்கும் அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

2022 மார்ச் முடிவில் கொழும்பில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததே, நாம் என்ன செய்தோம்? போனில் எத்தனை வீதம் சார்ஜ் மிச்சமென்று பார்த்துக்கொண்டு இருட்டில் இருந்தோம். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்!

காற்றையும் வேலைக்குப் பிடி. பார்மசியில் ஊசியில்லாத சிரிஞ்சு இரண்டு வாங்கு. மிச்சமிருக்கும் சேலைன் குழாயால் இணை. ஒன்றை அமுக்க மற்றது நீண்டு, லெகோவில் நீ கட்டுகிற கிரேனின் கையைத் தூக்கும். இதே காற்றழுத்தத்தால்தான் 2013இல் ருமேனியாவின் ராவுல் ஓய்டா, ஆள் ஏறி ஓட்டுகிற காரையே ஓடவைத்தான். 5 லட்சத்துக்கு மேற்பட்ட லெகோ கட்டைகள், இயந்திரத்தில் மட்டும் 256 பிஸ்டன்கள். அப்போது அவனுக்கு இருபது வயது.

அம்மாமாரே, அப்பாமாரே, சாதாரண தரப் பரீட்சைக்கு மின்காந்தத் தூண்டலைப் பாடமாக்குகிற பிள்ளை அதை ஒருதரம் உள்ளங்கையில் உணரட்டும். மேசையில் அந்தக் கட்டைகள் கிடக்கட்டும், அள்ளிக் கட்டிவைக்காதீர்கள்!

தம்பி, தங்கச்சி, இன்றிரவே அறை லைற்றை நூர். பல்புக்குப் பதிலாக எல்.ஈ.டி. போட்டு எரியவில்லையா? வயரை மாற்றிப் பூட்டு. அது ஒரு பக்கத்தால்தான் கரண்டை விடும். பல்லு நழுவுகிறதா? அச்சுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடு. திரும்பவும் கைப்பிடியைப் பிடி. கனக்கும். சுற்று!