தரவு உங்களுடையது அல்ல

ஏஐ செயலி கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவசரத்தில் முடித்துவிடாதீர்கள். எவ்வளவு இடம் இலவசம், மாதம் எத்தனை டாலர் என்று பார்த்தவுடன் கணக்குத் தொடங்கிவிடுகிறீர்கள். அதற்குள் வந்து சேரப்போவது ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு, ஒரு மாணவியின் மதிப்பெண், யாரோ உங்கள் சாட்பாட்டிடம் கொட்டித் தீர்த்த மனக்குறை. எல்லாம் நம்பி ஒப்படைத்தவை.

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின் ஏஐ துணையுடன் செயலி கட்ட உதவும் ரெப்ளிட் தளத்தில் ஒரு செயலி கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக் கூடாது என்று அவர் சொல்லி வைத்திருந்தும், அந்தத் தளத்தின் ஏஐ ஏஜென்ட், பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தையே அழித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. மீட்கவே முடியாது என்றும் அந்த ஏஜென்ட் சொன்னது. நல்லவேளை, மீட்க முடிந்தது. சோதனைத் தரவுத்தளத்தையும் உண்மைத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டை ரெப்ளிட் அதன் பிறகுதான் அறிவித்தது. உங்கள் ஏஜென்டுக்கு, படிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் கணக்கை இன்றே உருவாக்குங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதற்குச் சில வரிகள் போதும். பிராம்ப்டில் ‘அழிக்காதே’ என்று எழுதி வைப்பது வெறும் வேண்டுகோள்.

அமேசான் ஆர்.டி.எஸ்., கூகுள் கிளவுட் எஸ்.கியூ.எல்., அஸூர், சூப்பாபேஸ் என எந்தச் சேவையை எடுத்தாலும் சர்வரையும் பேட்ச்சையும் அந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளும். யார் எந்தப் பதிவைப் படிக்கலாம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சூப்பாபேஸின் பொதுச் சாவி பிரவுசரிலேயே எவர் கண்ணுக்கும் தெரியும். பதிவு வாரியான பாதுகாப்பை இயக்காமல் விட்ட டேபிளை அந்தச் சாவியை வைத்தே அந்நியர் படித்துவிட வழியுண்டு.

எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது அழிப்பதில் காட்டும் அலட்சியம். பயனரின் எழுத்தை போஸ்ட்கிரெஸில் வைக்கிறோம். அதிலிருந்து தேடலுக்காகச் செய்த எண்வரிசையான வெக்டரையும் எழுத்தின் துண்டையும் வேறொரு கிடங்கில் வைக்கிறோம். அவர் ‘என் விவரங்களை அழித்துவிடுங்கள்’ என்கிறார். இங்கே பதிவு போகிறது, அங்கே துண்டு கிடக்கிறது. நாளை சாட்பாட் அதை எடுத்து இன்னொருவரின் கேள்விக்கு விடையாகச் சொல்லக்கூடும். போஸ்ட்கிரெஸின் பிஜிவெக்டர் நீட்சியைப் போட்டு இரண்டையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து, ‘ஆன் டிலீட் கேஸ்கேட்’ சேர்த்த ஃபாரின் கீயால் இணைத்தால், ஒரே பரிவர்த்தனையில் இரண்டும் போய்விடும். அதனால்தான் போஸ்ட்கிரெஸ் போன்ற ரிலேஷனல் சேவையிலேயே தொடங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். பிற்பாடு கோடிக்கணக்கில் வெக்டர் சேர்ந்து தனிக் கிடங்கு தேவைப்பட்டால், அழிக்கும் வழியை முதலில் எழுதிவிட்டு மாறுங்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அபராதமே இல்லாவிட்டாலும், கேட்டவருக்கு அழித்துக் கொடுப்பதுதான் முறை.

செலவுக் கணக்கு எளிது. 1,536 எண்கள் கொண்ட ஒரு வெக்டர் ஏறக்குறைய 6 கிலோபைட். 10 லட்சம் வெக்டர் என்றால் சுமார் 6 ஜிபி, இண்டெக்ஸ் தனி. அதற்கேற்ற மெமரியை எடுங்கள்.

பேக்கப்பை மட்டும் சேவை நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். ஆர்.டி.எஸ். தானியங்கி பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள் வைத்திருக்கும். இன்ஸ்டன்ஸை அழிக்கும்போது தக்கவைக்கச் சொல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து போகும். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பரின் கிளவுட் கட்டமைப்பு, கூகுள் தரப்பில் நேர்ந்த தவறால் அழிந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட நிதி அது. வேறொரு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

இன்று மாலையே உங்கள் பேக்கப்பைப் புதிய இன்ஸ்டன்ஸில் மீட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எந்த நிமிடம் வரையிலான தரவு திரும்பியது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு கையில் இல்லாமல் ஒரு பயனரைக்கூட உள்ளே விடாதீர்கள்.