ஓடும் பலமும் நிற்கும் பலமும்

பலம் என்பது எது? நிறைய வைத்திருப்பதா, இருப்பதைத் திறமையாகப் பயன்படுத்துவதா? இந்தக் கேள்விக்கு விடை தேடத் தத்துவ நூல்களைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. 1960-களில் அமெரிக்கர்கள் மோட்டார் காரை வைத்துக்கொண்டே இதை விவாதித்தார்கள். அந்தக் கார்களுக்கு 'மஸில் கார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. புஜபலம் படைத்த கார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் விதி வகுத்திருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளரான ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அந்த விதியில் ஒரு சந்து கண்டார்கள். 'டெம்பெஸ்ட்' என்ற சாதுவான காரில், வாங்குகிறவர் விரும்பினால் 389 கன அங்குல எஞ்சினைச் சேர்த்துத் தருவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 6.4 லிட்டர் கொள்ளளவு! 1964-ஆம் வருஷத்து 'ஜி.டி.ஓ.' இப்படித்தான் பிறந்தது. முதல் வருஷமே முப்பதாயிரத்துக்கு மேல் விற்றது. வெற்றி பெற்றவனிடம் விதியைப் பற்றி யார் கேட்கிறார்கள்? விதிதான் 400 கன அங்குலத்துக்கு விரிந்து கொடுத்தது.

பிறகு இரண்டு கட்சிகள் மல்லுக்கு நின்றன. "எவ்வளவு காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிறதோ அவ்வளவு சக்தி; எஞ்சினைப் பெரிதாக்கு" என்றது ஒன்று. "வயிறு பெரிதானால் போதுமா? மூச்சு சீராக ஓட வேண்டாமா? அமைப்பைத் திருத்து" என்றது மற்றொன்று. இரண்டாவது கட்சிக்கு நல்ல சாட்சி, 1967-இல் வந்த ஷெவர்லே கமாரோ 'இஸட்-28'. அது கலந்துகொள்ளவிருந்த பந்தயத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது. ஆகவே 302 கன அங்குலத்துக்குள் அடங்கி, மிக வேகமாகச் சுழலும் எஞ்சின் ஒன்றை உருவாக்கினார்கள். எல்லைக்கோடு போட்டதும் மூளை வேலை செய்தது. அளவை நம்புகிறவனைவிட அமைப்பை நம்புகிறவன் ஒருபடி மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இரண்டு கட்சியும் ஓடுவதைப் பற்றியே பேசின. நிற்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 325 குதிரை சக்தி என்று விளம்பரம் செய்த அந்த முதல் ஜி.டி.ஓ.வின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை பழைய டிரம் பிரேக்குகள். அடுத்தடுத்து அழுத்தினால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கிடைத்தது 1967-இல்தான். அதுவும் கேட்டு வாங்கினால். வேகம் இரு மடங்கானால் நிறுத்துகிற வேலை நான்கு மடங்காகும் என்பது கணக்கு. மாட்டுக்குத் தீனி போட்டு வளர்த்தவர்கள் மூக்கணாங்கயிற்றை மறந்தே போனார்கள்!

வேகத்தை விரும்புவது பாவமா? அப்படிச் சொல்ல மாட்டேன். இளம் ரத்தத்துக்கு அந்த ஆனந்தம் இயற்கை. நல்ல எஞ்சினைச் சமைப்பதும் ஒரு கலைதான். "என் உயிர், என் இஷ்டம்" என்று ஓட்டுகிறவன் வாதாடலாம். ஆனால் எதிரே வருகிறவன் பந்தயத்துக்கா வந்தான்? அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அவனுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்? என் பலம் பிறர் மீது பாயக்கூடியது என்றால், அதை அடக்கும் சக்தியையும் சேர்த்துச் சம்பாதிப்பது என் கடமை. அது கேட்டு வாங்கும் உபரிச் சாமான் அல்ல.

உள்ளிருந்து எழாத அடக்கம் வெளியிலிருந்து வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தின. 1970-இல் காற்று மாசைத் தடுக்கும் கடுமையான சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. மறுவருஷத்தோடு ஜி.டி.ஓ.வின் முதல் வரிசையும் முடிந்தது.

இன்று கன அங்குலம் என்ற பேச்சுக்கே இடமில்லாத மின்சாரக் கார்கள் அந்தப் பழைய பலசாலிகளை அநாயாசமாக முந்துகின்றன. பெரிய எஞ்சினா, நல்ல எஞ்சினா என்ற சண்டை அவற்றுக்குப் பொருந்தாது. நிறுத்தத் தெரியுமா என்ற கேள்வி மட்டும் பொருந்துகிறது. பணம், பதவி, நாவன்மை என்று நம் கைக்கு வருகிற பலம் ஒவ்வொன்றிடமும் முதலில் கேட்க வேண்டியதும் அதுவே.