அடுத்த வருஷம் பார்ப்போம்

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் கிளையின் காற்பந்துக் குழுவுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தோம். ஏழு பேர் ஆடும் போட்டி. பட்டியலில் பத்து பேருக்கு இடம். ஒன்பது பெயர் எழுதியாகிவிட்டது. கடைசி இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் முப்பதை நெருங்கும் அண்ணன். ஷிப்ட் வேலை முடிந்த களைப்போடும் பயிற்சிக்கு வந்துவிடுவார், ஆட்டத்தில் பதற மாட்டார். இன்னொருவன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்திலிருந்து வரும் பதினேழு வயதுத் தம்பி. நல்ல வேகம். ஆனால் நெருக்கடி வந்தால் பந்தை எதிராளி காலிலேயே தள்ளிவிடுவான்.

“கப் வேணும்னா அண்ணனைப் போடுங்க. தம்பிக்கு வயசு இருக்கு, அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றார் ஒருவர். நானும் கை தூக்கினேன்.

அண்ணனுக்கு இடம் கொடுத்தது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. செய்து காட்டிய உழைப்பை ஒதுக்கி, இனி வரப்போகும் திறமைக்குப் பரிசு கொடுப்பது நியாயமா? “இவன் ஒரு நாள் பெரிய ஆளா வருவான்” என்ற பேச்சுக்குக் கெடு கிடையாது. அதனால் அது பொய் என்று நிரூபிக்கவும் முடியாது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. வாய்ப்பே கிடைக்காதவன் எதைச் செய்து காட்டுவான்? நம் கே. ராஜகோபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் லாவோஸில் நடந்த சீ விளையாட்டில், அவருடைய இளம் குழு 20 வருஷத்துக்குப் பிறகு மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கம் வாங்கித் தந்தது. அந்தப் பையன்களில் பலரையே 2010 சுசுகி கிண்ணத்துக்கும் அழைத்துப் போனார். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோல்வி. அப்போது “பையன்களை நம்பினா இப்படித்தான்” என்று சொல்வது எவ்வளவு சுலபம்! அதே குழு இறுதிச் சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று இந்தோனேசியாவை வென்றது. ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும் கிண்ணம் நமக்கு வந்தது. அங்கே பெனால்டியைத் தடுத்த கோல்காவலர் கைருல் ஃபாமிக்கு வயது 21. அதே குழுவில் கோல் அடித்துக் கொடுக்க 26 வயது சஃபீ சாலியும் இருந்தார். ராஜகோபால் ஒரு தரப்பை மட்டும் நம்பவில்லை.

என்னை உறுத்தியது வேறு விஷயம். பழைய பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தம்பிக்கு “அடுத்த வருஷம்” என்று நாங்கள் சொன்னது இது மூன்றாவது முறை. அந்த மூன்று வருஷத்தில் அவனுக்குப் பந்தை நிதானமாகக் கொடுக்க யார் சொல்லிக் கொடுத்தோம்? யாருமில்லை.

நம் பாட்டன்மார் நட்ட ரப்பர் கன்றில் பால் வெட்ட ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகும். செம்பனையோ மூன்று வருஷத்தில் குலை தள்ளும். பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த ஐந்தாறு வருஷம் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. களை எடுத்தார்கள், உரம் போட்டார்கள். காத்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. நாங்கள் அந்த வேலையைச் செய்யாமல், காத்திருக்கும் பாரத்தைத் தம்பி தலையில் வைத்துவிட்டோம். மரக்கன்றுக்கு மனசு கிடையாது. பையனுக்கு உண்டு. அவன் திடலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று கீதை வகுப்பில் படிக்கிறோம். கப் என்பது பலன். வளர்த்துவிடுவது கடமை. ஒருவனிடம் “உனக்குத் திறமை இருக்கு” என்று சொன்ன நிமிஷமே நாம் அவனுக்குக் கடன்பட்டுவிடுகிறோம். அவன் பெரிய ஆட்டக்காரனாக வராமலே போகலாம். அப்போதும் அந்தக் கடனைத் தீர்த்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். “அடுத்த வருஷமாண்ணே?” என்று சிரிக்காமல் கேட்டான். “இல்லடா, சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. நான் திடல்ல இருப்பேன்” என்றேன். அந்த அண்ணனும் சொல்லிக் கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நண்பர்களே, உங்கள் கிளையிலும் “அடுத்த வருஷம்” என்று சொல்லி அனுப்பிய தம்பி தங்கைகள் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு கிழமையும் நேரமும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு நாமும் போய் நிற்போம்.