திரும்பலாம் என்று யார் சொல்வது?

பிரிட்டனின் கரையோரங்களில், கயாக் என்னும் ஒடுங்கிய படகேறி விடுமுறை நாளைக் கடலில் கழிப்போர் பலர். சீல் வேட்டைக்காக ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் தோலால் அமைத்த படகே இதற்கு முன்னோடி. நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். அகலம் ஒரு முழத்திற்குச் சற்றே மிகுதி. பெரும்பாலும் ஒருவரே அமர முடியும். ஆதலால் இரு நண்பர்கள் புறப்பட்டால் படகுகள் இரண்டு, மனங்களும் இரண்டு. அபாயம் மட்டும் பொதுவானது. ஒருவரின் படகு கவிழ்ந்தால் மற்றவர் அருகே வந்து, அதிலுள்ள நீரை வடித்து, அவர் ஏறும்வரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். அலைகளுக்கு நடுவே உதவியின்றி மீண்டும் ஏறி அமர்வது மிகக் கடினம்.

எனவே, ‘ஆபத்து வந்தால் என்னோடு போகட்டும்’ என்று அங்கே ஒருவர் சொன்னால் அது உண்மையாகாது. தம் உயிரோடு நண்பரின் உயிரையும் அவர் பணயம் வைக்கிறார். அப்படியானால், திரும்பிவிடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது? வலிமை மிக்கவருக்கா, அஞ்சுபவருக்கா?

அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளால் அக்கரைகளில் ஒரே பகலில் வெயிலும் மழையும் பெருங்காற்றும் மாறி மாறி வருவதுண்டு. காற்று மாறாமலேயே கடல் மாறுவதும் உண்டு. காலையில் நீரோட்டமும் காற்றும் ஒரே திசையில் செல்ல, நீர்ப்பரப்பு அமைதியாக இருக்கும். ஏறத்தாழ 6 மணி நேரத்தில் ஓதத்தின் ஓட்டம் திசை திரும்பும். அப்போது அதே காற்று அதற்கு எதிர்ப்பட்டு அலைகளைச் செங்குத்தாக எழுப்பும். முதுகுப்புறமிருந்து வீசும் காற்றின் வலிமையோ, படகைத் திருப்பும்வரை தெரிவதில்லை. ‘இதுவரை நன்றாகத்தானே வந்தோம்’ என்னும் வாதம் கடலில் செல்லாது.

இந்நிலையில் இருவருள் ஒருவருக்குக் கலக்கம் பிறக்கிறது. ஆனால் அவர் வாய் திறப்பதில்லை. நண்பரின் நாளைக் கெடுக்க மனம் வரவில்லை. மற்றவரோ, ‘இவர் உற்சாகமாக இருக்கிறார் போலும், திரும்பினால் ஏமாற்றமடைவார்’ என்று எண்ணித் துடுப்பை வலிக்கிறார். இருவரிடமும் சுயநலம் இல்லை. ஆயினும் இருவரும் விரும்பாத இடத்திற்கே போய்ச் சேர்கின்றனர். அன்பின் பெயரால் நிகழ்ந்தாலும் இம்மௌனம் ஒருவகைப் பொய்யே. இல்லங்களில் மட்டுமல்ல, மடங்களிலும் இது அறியப்படாததன்று.

கயாக் ஓட்டுவோர் நன்கறிந்த செய்தி ஒன்று. இரு படகுகளை அணைத்து, ஒருவர் மற்றவரின் படகைப் பற்றிக்கொண்டால் அவை எளிதில் கவிழா. ஆனால் துடுப்புப் போடக் கை இராது. காற்று இழுக்கும் திசையில் இரண்டும் போகும். 1993 மார்ச் 22 அன்று, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் விரிகுடாவில் எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரு பயிற்றுநர்களும் கயாக்குகளில் புறப்பட்டனர். ஆசிரியரின் படகு தடுமாறவே, ஒரு பயிற்றுநர் அவருடன் தங்கினார். படகுகளைச் சேர்த்துப் பிடித்துக் காத்திருந்த மற்றவர்களைக் காற்று கடலுக்குள் கொண்டு சென்றது. நான்கு மாணவர்கள் மாண்டனர். இதன் விளைவாக, இளைஞர்களுக்கான இத்தகைய பயிற்சி மையங்களின் பாதுகாப்பு குறித்து 1995-இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது.

தைரியத்தை ஆராயும் அரிஸ்டாட்டில், நிகோமாகிய அறவியலின் மூன்றாம் பகுதியில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். கடலில் வீரனும் அஞ்சுவதில்லை, மாலுமியும் அஞ்சுவதில்லை. ஆனால் மாலுமியைத் தாங்குவது அனுபவம் தரும் நம்பிக்கை. அவ்வாறெனில், பழகியவரின் அஞ்சாமை ஒரு தேர்ச்சி. அதையே நற்குணமாக்கிப் பழகாத நண்பரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதைப் பற்றிய குறளை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருப்பதும் எண்ணத்தக்கது.

அச்சத்திற்கே எப்போதும் இடம் கொடுத்தால் கரையை விட்டே புறப்பட முடியாதே என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம். ஆனால் அச்சத்தைப் பழக்கிக் குறைக்க அமைதியான விரிகுடாவும் வேறு நாட்களும் உள்ளன. அலைகளுக்கு நடுவே அதனோடு வாதிட நேரம் இல்லை. எந்த முனைவரை செல்வது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கரையிலேயே பேசி முடித்து, ‘போதும்’ என்று யார் சொன்னாலும் காரணம் கேட்பதில்லை என்றும் உறுதி செய்துகொண்டு புறப்படுவோர் உண்டு. அங்கே வலிமை மிக்கவரின் கடமை, மற்றவர் அச்சொல்லைக் கூச்சமின்றிச் சொல்ல வழி செய்வது.

கடினமான கட்டம் அதற்குப் பின்னரே வருகிறது. இருவரும் கரையேறிய அரை மணியில் மேகம் விலகி, காற்று தணிந்து, கடல் குளம்போல் கிடப்பதுண்டு. திரும்பலாம் என்றவர் முதலில் அந்தக் கடலைப் பார்க்கிறார். பிறகு நண்பரின் முகத்தைப் பார்க்கிறார். அடுத்த முறை அவர் வாய் திறப்பாரா என்பது அப்போது அந்த முகத்தில் தெரிவதைப் பொறுத்தது.